சீசனில் காலேஜ் குற்றாலத்தில் இருக்கும்

குத்துக்கல்வலசை,
தென்காசி.
ஜூன் 19, வியாழக்கிழமை

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சானுக்கு, உங்கள் ரஹ்மத்துன்னிசா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் ஆஷிகாவும் நலம். தம்மாமில் வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை என்று சொன்னீர்கள். இங்கே சாரல் பிடித்து ஒரு வாரம் ஆகிறது. ஐந்தருவியில் எல்லாக் கிளையிலும் தண்ணீர் விழுகிறது. மெயினருவியில் வளைவைத் தாண்டிக் கொட்டியதால் இரண்டு நாள் யாரையும் குளிக்க விடவில்லை. வீட்டில் ஒரு துணி காய்வதில்லை. ஹாலில் குறுக்கே கொடி கட்டி, வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து போகிறோம்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்க முடியாது. பாதியில் "சரி, பாப்போம்" என்பீர்கள், அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிடுவார், லைன் போய்விடும். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. சனிக்கிழமை நம்மிடம் முதல் வருஷம் படித்த யாசர் விமானம் ஏறுகிறான். லீவு முடிந்து அல்கோபார் ஹோட்டல் ரிசப்ஷனுக்கே திரும்பப் போகிறான். அவன் கையில் நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை அறையில் இருப்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பங்கு போட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, கம்பெனியில் கான்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்கள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" சம்மதம் இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிக் காரணத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஜெஸ்வினை உங்களுக்குத் தெரியும், நம் காலேஜின் கம்ப்யூட்டர் சார். காலேஜுக்கு வெப்சைட் செய்திருக்கிறான். கட்டடத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று படம் எடுத்திருக்கிறான், பார்த்தால் திருநெல்வேலி காலேஜ் மாதிரி பெரிதாகத் தெரிகிறது. அதில் "எங்கள் வரலாறு" என்று ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அதற்குப் பத்து வரி எழுதித் தாருங்கள் மேடம் என்று கேட்டான். மாதிரிக்கு வேறொரு காலேஜின் பக்கத்தையும் காட்டினான். உலகத்தரம், தொலைநோக்கு, விசாலமான நூலகம் என்று போகிறது. நமக்கு நூலகம் என்று இருப்பது ஒரு பீரோ. அதன் சாவியும் ஞானபாக்கியம் டீச்சர் இடுப்பில் இருக்கிறது.

சரி என்று உட்கார்ந்தேன். "சாரல் தொழிற்பயிற்சிக் கல்லூரி 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது" என்று எழுதினேன். அடுத்த வரியில் யார் தொடங்கினார் என்று எழுத வேண்டும். எழுதினால், அவர் எங்கே என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். அதற்குமேல் ஓடவில்லை. ஜெஸ்வினுக்கு எழுத முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் நீங்கள் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்த காலம். சீசன் வந்தால் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் எல்லாரும் நம் கடை வாசலில்தான் நிற்பார்கள். ரிசப்ஷனுக்கு மதுரையிலிருந்து ஆள் கொண்டுவந்தேன், சமையலுக்குக் கொல்லத்திலிருந்து கொண்டுவந்தேன் என்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு எரிச்சல் வரும். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம ஊர்ல அருவி கொட்டுது, அத வச்சுப் பொழைக்க வெளியூர்க்காரன் வாரான். நம்ம பிள்ளைய டிகிரிய வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்குதுவ. ஒரு காலேஜ் ஆரம்பிச்சா என்னட்டி?" என்றீர்கள். நான் ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர் காலேஜ் ஆரம்பிப்பதா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அரிசி மண்டி மாடியை வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்தீர்கள்.

படிக்க வந்தது யாசரோடு சேர்த்து மூன்று பிள்ளைகள், ஓடாத ஒரு பிரிட்ஜ், டேலி கணக்குப் புத்தகத்தோடு நான். இதற்குக் காலேஜ் என்று போர்டு. அந்தப் போர்டு மாடிப்படியில் திரும்பவில்லை, வெளியே கயிறு கட்டித் தூக்கினோம். கீழே மண்டியில் மூட்டை இறக்கியவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இவ்வளவு பெரிய போர்டு எதற்கு என்று கேட்டேன். "பேர பெருசா எழுதி வச்சுட்டா, பெறகு அதுக்குத் தக்கன ஓடித்தான ஆகணும்" என்றீர்கள். ஓடத்தான் செய்தோம்.

ஞானபாக்கியம் டீச்சர் சுரண்டையிலிருந்து வந்து சேர்ந்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வரும். மிஷன் ஹாஸ்டலில் சமையல் பொறுப்பைப் பார்த்தவர், கேட்டரிங் டிப்ளமோ படித்தவர். மாடியேறி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்க சார்?" என்றார். அடுப்பு இல்லை. அரிசி மண்டி மாடியில் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்று மண்டிக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். அடுப்பில்லாமல் சமையல் வகுப்பு எப்படி நடத்துவது என்று டீச்சர் கேட்டதற்கு, "குத்தாலத்துல அம்புட்டு அடுப்பு எரியுதே டீச்சர்" என்று நீங்கள் சொன்னீர்கள். அதில் பிறந்ததுதான் நம்முடைய சீசன் பரீட்சை.

வேல்சாமி அண்ணாச்சியின் லாட்ஜில் போய்க் கேட்டோம். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. "சீசன்ல ஆள் இல்லாமத்தான் தவிச்சுக்கிட்டு இருக்கேன், பிள்ளையள அனுப்புங்க தம்பி" என்றார். அன்றிலிருந்து ஜூன் பிறந்து சாரல் விழுந்தால் நம் காலேஜுக்கு வகுப்பு கிடையாது. சமையல் படிக்கிறவர்கள் சமையல்கட்டில், ரிசப்ஷன் படிக்கிறவர்கள் ரிசப்ஷனில், பிரிட்ஜ் ரிப்பேர் படிக்கிற உங்கள் பிள்ளைகள் ஃப்ரீஸருக்கும் ஏசிக்கும் நடுவில். அறையைக் காலி செய்துவிட்டு இறங்குகிற குடும்பம் எந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி "போயிட்டு வாரோம்" என்கிறதோ அந்தப் பிள்ளைக்கு முழு மார்க். பெயர் தெரியாமலே போனால் பாதி மார்க். டீச்சர் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல முன் ஹாலில் உட்கார்ந்திருப்பார். பரீட்சை நடக்கிறது என்று ஒரு விருந்தாளிக்கும் தெரியாது. நமக்கு லேப் கட்டக் கையில் ஒன்றும் இல்லாததால் செய்த ஏற்பாடு. இப்போது லேப் இருக்கிறது, ஆனாலும் அந்த வழக்கத்தை விட எங்களில் ஒருவருக்கும் மனசில்லை.

பிறகு குத்துக்கல்வலசையில் மனை வாங்கினோம். அஸ்திவாரம் போட்டதும் கையைக் கடித்தது. இரண்டு வருஷம் சம்பாதித்துக் கட்டடத்தை எழுப்பிவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீங்கள் சவூதிக்குப் போனீர்கள். ஆஷிகா அப்போது ஒன்றாம் வகுப்பு. கட்டடம் எழும்பியது, மேல்மாடி எழும்பியது, வேன் வந்தது. இரண்டு வருஷம் மட்டும் இன்னும் முடியவில்லை. பதினோரு வருஷமாக ஒரே இரண்டு வருஷத்தை நீட்டி நீட்டி வைத்திருக்கிறவர் தென்காசி ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். நீங்கள் போகும்போது ஜில்லாவே பிறக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி திங்கட்கிழமை நடந்ததற்கு வருகிறேன். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் பார்வையிட வருகிறவர்கள் வழக்கமாக மார்ச்சில் வருவார்கள். இந்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் ஜூனில் வந்து நின்றார்கள். சென்னையிலிருந்து மூன்று பேர். தலைமைக்கு ஓர் அம்மா, வெள்ளைக் கதர்ச் சேலை, சிரிப்பே கிடையாது. காலேஜில் நானும் ஆபீஸ் ஹைருன் பீவியும் மட்டும் இருந்தோம். ஒரு வகுப்பில்கூடப் பிள்ளை இல்லை. பெஞ்சையெல்லாம் ஓர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தது. மாணவர்கள் எங்கே என்று கேட்டார்கள். நான் ரொம்பப் பெருமையாக, "எல்லாரும் குத்தாலத்துல இருக்காங்க மேடம்" என்றேன்.

மச்சான், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் இப்படிச் சொல்ல வாய் வரும். சாரல் அடிக்கிற ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து வந்த அதிகாரியிடம், மொத்தக் காலேஜும் குற்றாலத்தில் இருக்கிறது என்றால் அவர் என்ன நினைப்பார்? அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது காலேஜா, டூர் நடத்துறீங்களா? எல்லாரையும் குளிக்க அனுப்பிட்டு நீங்க மட்டும் இங்க என்ன செய்றீங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர் "மாணவர்கள் இல்லை" என்று எழுதவே ஆரம்பித்துவிட்டார். ஹைருன் பீவிக்கு முகம் வெளுத்துப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் எழுதுவதை எழுதுங்கள் மேடம், ஆனால் ஒரு மணி நேரம் எனக்குத் தாருங்கள், பிள்ளைகள் குளிக்கிறார்களா, குளிக்க வந்தவர்களைக் கவனிக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றேன். சொல்லிக்கொண்டே வேன் கதவைத் திறந்துவிட்டேன். ஏறாமல் என்ன செய்வார்கள்?

வேல்சாமி அண்ணாச்சியின் லாட்ஜில் காலை வைக்க இடமில்லாத கூட்டம். ரிசப்ஷனில் நம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தமிழிலும் மலையாளத்திலும் அறைச் சாவி கொடுப்பதை அவர்கள் பார்த்தார்கள். சமையல்கட்டில் நம் பிள்ளைகளே பந்தி பந்தியாகச் சாப்பாடு அனுப்புவதைப் பார்த்தார்கள். ஈரத்துண்டு கட்டிய ஓர் அம்மாள் எழுந்து வந்து, நான்தான் மேடம் பரீட்சை அதிகாரி என்று வணக்கம் வைத்தபோது அந்தக் கதர்ச் சேலைக்காரம்மாவுக்கே உதடு லேசாக விரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் குளிரறை நின்றுபோனது. உள்ளே இரண்டு நாளைக்கான கறியும் பாலும். குளிர்சாதன வகுப்பு முத்துசெல்வியும் மற்றப் பிள்ளைகளும் ஓடினார்கள். மெஷின் ஓடும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சுடலைராஜ் சார் ஏப்ரலில் கொச்சிக் கம்பெனிக்குப் போன பிறகு அந்த வகுப்புக்கு இங்கே ஆசிரியர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வேலை, போகட்டும். பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் உங்களைக் கூப்பிடட்டும் என்று உங்கள் நம்பரை நான்தான் கொடுத்திருந்தேன். முத்துசெல்வி உங்களுக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே உங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

அந்தப் போனில் நீங்கள் பார்த்தது முத்துசெல்வி முகத்தையும் மெஷினையும் மட்டும்தான். அவளுக்குப் பின்னால் மூன்று அதிகாரிகளும் நானும் நின்றோம்.

கேஸ் குறைந்திருக்கும் என்று முதலில் நீங்கள் சொன்னீர்கள். அவள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸு சரியாத்தான் சார் இருக்கு, சூடுதான் ஏறுது" என்றாள். அப்படியென்றால் என்னவாக இருக்கும், நீயே சொல்லு என்றீர்கள். அவள் போனைக் கையில் பிடித்தபடியே மொட்டைமாடிக்கு ஓடினாள். நாங்களும் மூச்சு வாங்க ஏறினோம். மாடி முழுக்கக் கொடி, கொடி முழுக்கத் துணி. யாரோ மலையாளத்து விருந்தாளியின் தோர்த்து பறந்துபோய் வெளி மெஷினின் முதுகில் அப்பிக்கிடந்தது. காற்றுப் போக வழியில்லாமல் அது சூடேறி நின்றிருக்கிறது. முத்துசெல்வி அந்தத் துண்டை உரித்தெடுத்துப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

நீங்கள் சிரித்தீர்கள் மச்சான். எத்தனை வருஷமாகிவிட்டது நீங்கள் அப்படிச் சிரித்து. "ஏட்டி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், நீதான் சரி. பதினோரு வருசம் இங்கன கெடந்ததுல குத்தாலத்துத் துண்டு மறந்துபோச்சேட்டி" என்றீர்கள். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் பார்த்தபடி நின்றேன். நல்லவேளை, சாரலில் யார் முகமும் நனைந்துதான் இருக்கும்.

யார் அவர் என்று அந்த அம்மா கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைகள், "எங்க சார் மேடம்" என்றார்கள். மாணவியிடம் தப்பை ஒப்புக்கொண்டு சிரிக்கிற வாத்தியாரை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறேன் என்றார். அவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். வீட்டுக்காரர் என்றேன். எங்கே இருக்கிறார் என்றார், சொன்னேன். எப்போது வருவார் என்றார். "ஆகஸ்ட்டுக்கு முன்னாடி வந்துருவாங்க மேடம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகவே சொன்னது.

போகும்போது குறிப்பின் நகலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லா வகுப்புக்கும் அங்கீகாரம் தொடரலாம், சீசன் பயிற்சி முறை பாராட்டத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள். குளிர்சாதன வகுப்புக்கு மட்டும் ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் பிறக்கும் முன் நேரில் நின்று நடத்துகிற முழுநேர ஆசிரியர் வேண்டும், இல்லாவிட்டால் புதிய பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது. நீங்கள் பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்தது போதுமா என்று கேட்டேன். அதற்கு மேல் இருக்கிற அனுபவத்துக்கு யார் மறுப்புச் சொல்வார்கள் என்றார் அந்த அம்மா. ஆகவே, நான் எங்கே, காலேஜில் பாடம் நடத்துவது எங்கே என்று வருஷா வருஷம் நீங்கள் சொல்கிற பாட்டை இனிப் பாட முடியாது.

வேறு ஆள் கிடைக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். கிடைப்பார். நேற்றே இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள், இரண்டு பேரும் நல்ல ஆட்கள். இதை மறைத்துவிட்டு, நீங்கள் வராவிட்டால் வகுப்பே மூடிப்போகும் என்று எழுதியிருந்தால் கடிதம் இன்னும் பலமாக இருந்திருக்கும். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. காலேஜ் இப்போது தன் காலில் நிற்கிறது. உங்கள் சம்பளம் வந்துதான் நடக்க வேண்டும் என்ற நிலைமை போய் இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. அதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன், இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். காலேஜுக்கு ஆள் கிடைப்பார். எனக்குத்தான் நீங்கள் வேண்டும். நாற்பத்தைந்து வயதில் இதைக் காகிதத்தில் எழுத வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் யாசரிடம் கவரை நன்றாக ஒட்டிக் கொடுக்கிறேன்.

ஆஷிகா பிளஸ் டூ முடித்துவிட்டாள். என்ன படிக்கப் போகிறாய் என்றால், முத்துசெல்வி அக்கா மாதிரி மெஷின் படிக்கப் போகிறேன் என்கிறாள். நான் திட்டிப் பார்த்தேன், மசியவில்லை. யாரிடம் படிப்பாய், ஆசிரியர் இல்லையே என்றேன். "வாப்பாகிட்டதான்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பல் தேய்க்கப் போய்விட்டாள். நீங்கள் வருவதைப் பற்றி எங்கள் வீட்டில் இனி யாருக்கும் சந்தேகம் இல்லை, உங்களுக்கு மட்டும்தான் தகவல் பாக்கி.

ஜெஸ்வின் காலையிலும் வந்து நின்றான். வரலாறு என்னாயிற்று மேடம் என்று கேட்டான். ஆகஸ்ட் வரை பொறு, அதை எழுத வேண்டியவர் வருகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு அதிகாரி, ஒரு ஜெஸ்வின், பெற்ற மகள் ஒருத்தி என்று மூன்று பேர் நம்பியிருக்கிறார்கள். இனி என் பேச்சைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தண்ணீர் குடியுங்கள். கம்பெனியில் கேட்டால் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள், பதினோரு வருஷம் சோறு போட்ட இடம்.

கடைசியாக ஒன்று. இத்தனை வருஷமும் தொழுது முடித்துக் கையேந்தினால், "யா அல்லாஹ், அவங்கள அங்கன நல்லபடியா வையி" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்திருக்கிறான், உங்களை நல்லபடியாகவும் வைத்திருக்கிறான், அங்கேயே நிறுத்தியும் வைத்திருக்கிறான். திங்கட்கிழமையிலிருந்து நான் துஆவை மாற்றிக் கேட்கிறேன். நீங்களும் அங்கிருந்து ஓர் ஆமீன் சொல்லிவிடுங்கள் மச்சான்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள்
ரஹ்மத்துன்னிசா